சுருள்வில்லின் விதியைப் புதிருக்குள் ஒளித்த அறிஞர்: ராபர்ட் ஹூக் பிறந்த நாள் இன்று

புது தில்லி, ஜூலை 18:

பழைய செய்தித்தாள் வாங்குபவரின் கையில் தொங்கும் சுருள்வில் தராசும், ரயில் பெட்டியின் பாரத்தைத் தாங்கும் தடித்த சுருள்வில்லும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. நாடு முழுவதும் 11-ஆம் வகுப்பு இயற்பியல் மாணவர்கள் படிக்கும் அந்த விதி, இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்குகிறது. அன்றைய இங்கிலாந்து நாட்காட்டியின்படி அவர் பிறந்தது 1635-ஆம் ஆண்டு இதே ஜூலை 18-ஆம் தேதி. விதி நிலைத்துவிட்டது. ஆனால், அதை வகுத்தவரின் முகத்தை ஐயமின்றிக் காட்டும் ஓர் ஓவியம்கூட இன்று இல்லை.

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்னும் ஊரில் தேவாலய ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஹூக். நோஞ்சான் பிள்ளை. பிரித்துப் போடப்பட்ட ஒரு பித்தளைக் கடிகாரத்தைக் கண்டு, அதேபோல் மரத்தில் ஒன்றைச் செய்து ஓட வைத்ததாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 13 வயதில் தந்தையை இழந்தார். பங்காகக் கிடைத்த சுமார் 40 பவுண்டுடன் லண்டன் சென்றவர், ஓவியர் பீட்டர் லெலியிடம் சிறிது காலம் பயின்று, பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே செல்வந்தரான ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகிக் காற்று வெளியேற்றும் எந்திரத்தை உருவாக்கித் தந்தார். காற்றின் அழுத்தத்தையும் பருமனையும் தொடர்புபடுத்தும் பாயில் விதிக்குப் பின்னால் இந்த உதவியாளரின் கைத்திறனும் உண்டு.

1662-இல் ராயல் சொசைட்டி அவரைச் சோதனைப் பொறுப்பாளராக நியமித்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் புதிய சோதனைகளைச் செய்து காட்டுவது அவர் வேலை. 1665-இல் வெளிவந்த மைக்ரோகிராஃபியா நூலில், நுண்ணோக்கி வழியே கண்ட தக்கையின் சிற்றறைகளுக்கு செல் என்று அவர் இட்ட பெயரையே உயிரியல் இன்றும் பயன்படுத்துகிறது. மறு ஆண்டு லண்டன் பெருந்தீயில் அழிந்தபோது, நகரை மீண்டும் எழுப்பும் நில அளவையாளர்களில் ஒருவராகத் தெருத் தெருவாக நடந்து மனைகளை அளந்தார். கிறிஸ்டோபர் ரென்னுடன் இணைந்து அவர் அமைத்த, சுமார் 61 மீட்டர் உயர நினைவுத் தூண் இன்றும் லண்டனில் நிற்கிறது.

இத்தனைக்கும் நடுவே அவர் மனத்தை விட்டு அகலாதது சுருள்வில். காரணம் கடிகாரம். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதை அறியத் துல்லியமான நேரம் தேவை. ஊசல் கடிகாரமோ கப்பலின் ஆட்டத்தில் நிலைகுலையும். ஊசலுக்குப் பதிலாக ஒரு வில்லைப் பொருத்தினால் என்ன என்று 1660-ஆம் ஆண்டையொட்டி ஹூக் சிந்தித்தார். பெரும் பொருள் தரக்கூடிய எண்ணம் அது. பாயில் உள்ளிட்டோர் காப்புரிமைக்கு முயன்றனர். பின்னர் யாரேனும் இக்கருவியை மேம்படுத்தினால் பயன் அவருக்கே சேரும் என்றொரு நிபந்தனை இடையே நுழைந்ததால், ஹூக் பின்வாங்கிக் கொண்டார். அதன்பின் எதையும் முழுமையாக வெளியே சொல்லவில்லை.

அந்த மௌனத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1675-இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், சுருள்வில் பொருத்திய கடிகாரத்தை அறிவித்தார். தம் எண்ணத்தை ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் அயல்நாட்டுக்குக் கசியவிட்டதாக ஹூக் குற்றம்சாட்டினார். கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியனைக் கொண்டு அவசரமாக ஒரு கடிகாரம் செய்வித்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அளித்தார். பூசல் தீரவில்லை.

இந்தச் சூழலில்தான், 1676-இல் வெளிவந்த தம் நூல் ஒன்றின் இறுதியில் அவர் ஒரு புதிரை அச்சிட்டார். அகர வரிசையில் அடுக்கப்பட்ட 14 எழுத்துகள், அவ்வளவே. கண்டுபிடிப்பைக் காட்டாமலே முதல் உரிமையைப் பதிவு செய்யும் இவ்வழக்கம் கலிலியோ காலத்திலேயே இருந்தது. 1678-இல் சுருள்வில் பற்றிய நூலில் ஹூக்கே விடையை அவிழ்த்தார். எழுத்துகளை மாற்றி அடுக்கினால் கிடைக்கும் லத்தீன் சொற்றொடரின் பொருள், நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவே என்பதாகும். இதைத் தாம் 18 ஆண்டுகளுக்கு முன்பே கண்டதாகவும் அவர் கூறினார்.

அவர் விவரித்த சோதனைகளை யாரும் செய்து பார்க்கலாம். 20 முதல் 40 அடி வரை நீளமுள்ள கம்பியின் மேல் முனையை ஆணியில் கட்டி, கீழ் முனையில் தராசுத் தட்டைத் தொங்கவிட வேண்டும். தட்டில் எடைகளை ஒவ்வொன்றாக வைத்து, தரையிலிருந்து தட்டின் உயரத்தை அளக்க வேண்டும். ஓர் எடைக்குக் கம்பி எவ்வளவு நீள்கிறதோ, இரண்டுக்கு அதன் இரு மடங்கும், மூன்றுக்கு மும்மடங்கும் நீளும். எடையை அகற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பும். சுருட்டிய கம்பி, கடிகார வில், உலர்ந்த மரத்துண்டு எனப் பலவற்றிலும் இதையே கண்டார் ஹூக். தராசின் முகப்பில் கிலோ கோடுகள் சம இடைவெளியில் அமைவதும் இதனால்தான்.

விதிக்கு எல்லையும் உண்டு. அளவுக்கு மீறி இழுத்த கம்பி முன் நிலைக்குத் திரும்பாது. நீண்டபடியே நிற்கும், மேலும் இழுத்தால் அறும். இந்த இடத்தைத்தான் பாடநூல்கள் மீட்சி எல்லை என்கின்றன.

கடிகாரத்துக்கும் விதிக்கும் உள்ள உறவு அதே நூலில் வருகிறது. விலகல் பெருகும் அளவுக்கே திரும்ப இழுக்கும் விசையும் பெருகுவதால், வில் பெரிதாக அதிர்ந்தாலும் சிறிதாக அதிர்ந்தாலும் ஒரே நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. கடிகாரத்தை ஒரே சீராக ஓட வைக்கும் இரகசியம் இதுவே. ஹூக் இவ்விதியை ஏன் பூட்டி வைத்தார் என்பதும் இங்கே விளங்குகிறது. ஆயினும் அவரைவிட ஹைகன்சின் கடிகாரமே முதலில் உலகறிந்தது.

இந்த நூல், ஜான் கட்லர் என்னும் செல்வந்தர் ஆண்டுக்கு 50 பவுண்டு தருவதாக ஏற்ற சொற்பொழிவு வரிசையில் ஒன்று. பணம் ஒழுங்காக வரவில்லை. நீதிமன்றத்தை நாடிய ஹூக்குக்குச் சாதகமான தீர்ப்பு 1696-இல்தான் கிடைத்தது; நாள், அவருடைய பிறந்த நாளான ஜூலை 18.

ஐசக் நியூட்டனுடனான பகை இன்னும் கசப்பானது. ஒளியின் இயல்பு குறித்து 1672-இல் மூண்ட கருத்து வேறுபாடு, கோள்களை ஈர்க்கும் விசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்ற கருத்தில் தமக்கும் பங்குண்டு என்று 1686-இல் ஹூக் கோரியபோது முற்றியது. நியூட்டன் தம் நூலில் ஹூக்கைப் பற்றிய குறிப்புகள் பலவற்றை நீக்கினார். ஹூக்கின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால், கணித நிரூபணம் நியூட்டனிடமே இருந்தது.

இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கி, கால்கள் வீங்கி, கிரஷாம் கல்லூரி அறையில் வறியவர் போல வாழ்ந்த ஹூக், 1703 மார்ச் 3-ஆம் தேதி காலமானார். அவரது பெட்டியைத் திறந்தபோது 8,000 பவுண்டுக்கும் மேற்பட்ட செல்வம் இருந்தது. உயிலில் கையெழுத்து இல்லை. அதே ஆண்டு நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1710-இல் சங்கம் வேறு கட்டடத்துக்கு மாறியது. ஹூக்கின் ஓவியத்தை நியூட்டனே அழித்தார் என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. அதற்குச் சான்று எதுவும் இல்லை.

2006-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், ஒரு வீட்டு அலமாரியிலிருந்து 500-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கையெழுத்துக் கட்டு வெளிப்பட்டது. சங்கக் கூட்டங்கள் குறித்து ஹூக் தம் கையால் எழுதியவை அவை. கடிகாரப் பூசல் தொடர்பான குறிப்புகளும் அவற்றில் உண்டு. ஏலம் தொடங்கவிருந்த வேளையில், சுமார் 10 லட்சம் பவுண்டு கொடுத்து ராயல் சொசைட்டி அதை வாங்கியது. ஹூக்கின் அந்தக் கையெழுத்து இப்போது லண்டனில், அச்சங்கத்தின் நூலகத்தில் உள்ளது.