பைடண் கிருஹஸ்தர் ஸ்ரீ ஏகநாதர்

மகான் என்றதும் வீட்டைத் துறந்தவர் என்றே நமக்குத் தோன்றுகிறது. மனைவி, மக்கள், சிராத்தம், விருந்தாளி என்று கடைசிவரை சம்சாரியாகவே இருந்தவர் மராட்டிய தேசத்து ஸ்ரீ ஏகநாதர் (1533–1599). கோதாவரிக் கரையிலுள்ள பைடண் அவருடைய ஊர். மும்பை, புனே அங்கத்தினர்களில் பலர் அங்கே சென்று தரிசித்திருப்பீர்கள்.

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைப் பாட்டனார் சக்ரபாணி வளர்த்தார். பிறகு, தேவகிரிக் கோட்டை அதிகாரியான ஜனார்தன ஸ்வாமியிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கணக்கு எழுதும் வேலை. ஒரு நாள் கணக்கில் ஒரு தம்பிடி உதைத்தது. இரவு முழுவதும் விளக்கடியில் தேடி, விடியும் நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்ததும் கைதட்டி ஆனந்தித்தாராம். ஒரு தம்பிடியிடம் வைத்த இந்த மனத்தைப் பகவானிடம் வைக்கலாமே என்று குரு சொன்னதாக வரலாறு. ஆபீஸ் கணக்கு டேலி ஆகாமல் ராத்தூக்கம் கெட்டவர்களுக்கு அந்த ஆனந்தம் புரியும்.

குருவின் ஆக்ஞைப்படி ஊர் திரும்பி கிரிஜாபாயை மணந்தார். ஒரு சிராத்தத்தன்று, சமையலின் மணம் கேட்டு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த சிலர் வாசலில் பசியோடு நின்றனர். சமைத்ததை அவர்களுக்கே போட்டுவிட்டு, மறுபடி மடியாகச் சமைத்தார்கள். வரிக்கப்பட்ட பிராமணர்கள் அப்படியும் சாப்பிட மறுத்தனர். இரண்டாம் முறை அடுப்படியில் நின்ற கிரிஜாபாயின் பெருமையை யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஊர் எதிர்ப்பைவிடப் பெரிய சோதனை வீட்டுக்குள் வந்தது. மகன் ஹரி பண்டிதர் நன்றாக சாஸ்திரம் படித்தவர். அப்பா மராட்டியில் புராணம் சொல்வதும், கண்ட இடத்தில் சாப்பிடுவதும் பிடிக்காமல், மனைவி மக்களுடன் காசிக்குப் போய்விட்டார். பாகவதத்தின் ஏகாதச ஸ்கந்தத்துக்கு மராட்டியில் உரை எழுதி, 1573-இல் அதே காசியில் முடித்தவர் ஏகநாதர். ஆனாலும் மகனைத் தேடிப் போய், இனி ஸம்ஸ்கிருதத்தில் மட்டுமே சொல்வேன், பிறர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு அழைத்து வந்தார். புரியாத பாஷையைக் கேட்க ஜனங்கள் வருவது குறைந்தது. அவர் வாதாடவில்லை.

பின்னர் ஒரு ஏழை விதவை, ஆயிரம் பிராமணர்களுக்கு அன்னமிடும் தன் கணவரின் பிரார்த்தனையைத் தீர்க்க, அவர் ஒருவரையாவது சாப்பிட வரவேண்டும் என்று வேண்டினாள். அவர் மகனையே அங்கு சமைக்கச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் ஹரி பண்டிதர் எச்சில் இலையை எடுக்க எடுக்க அடியில் வேறொரு இலை வந்துகொண்டே இருந்ததாம். அந்த அற்புதத்தை நம்புவது அவரவர் விருப்பம். விஞ்ஞானம் படித்த எனக்கு, மகனுக்காகத் தகப்பனார் அத்தனை நாள் வாய்மூடி இருந்ததே பெரிய அற்புதமாகப் படுகிறது. மகன் மனம் மாறினார். மராட்டியில் புராணம் மறுபடி ஆரம்பமாயிற்று.

பாவார்த்த ராமாயணத்தை யுத்த காண்டத்தின் நடுவில் விட்டுவிட்டு அவர் காலமானார். மீதியை எழுதி முடித்தவர் காவ்பா. பூரண போளிக்கு ஆசைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்து, அங்கேயே வளர்ந்த பையன் அவர் என்கிறார்கள்.