772 என்னும் எண்

இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர் நகரை அடுத்த சால்ஃபோர்டில், 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் பிறந்தார். தந்தையார் மது ஆலை ஒன்றின் உரிமையாளர். உடல்நலம் குன்றிய சிறுவராகிய ஜூல் வீட்டிலேயே கல்வி பயின்றார். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன் அவருக்கும் அவர் தமையனாருக்கும் சில காலம் ஆசிரியராக விளங்கினார். பல்கலைக்கழகத்தில் ஜூல் பயின்றதில்லை.

ஆலையின் நீராவிப் பொறிக்கு மாற்றாக மின்பொறியை அமைத்தால் செலவு குறையுமா என்று இளமையில் அவர் ஆராய்ந்தார். விடை ஏமாற்றம் அளித்தது. மின்கலத்தில் கரையும் துத்தநாகம் தரும் வேலையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேலையை, அதே எடையுள்ள நிலக்கரி நீராவிப் பொறியில் தந்தது. துத்தநாகமோ விலை மிகுந்தது. ஆனால் அக்கணக்கு அவரை வேறொரு வினாவுக்கு இட்டுச் சென்றது. வேதிவினை, மின்சாரம், வெப்பம், இயக்கம் ஆகியவை ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன எனில், எவ்வளவுக்கு எவ்வளவு?

வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள் என அறிஞர் பலர் அக்காலத்தில் நம்பினர். அது பொருளன்று, இயக்கத்தின் மறுவடிவமே என்று 1843இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய அறிஞர் அவையில் ஜூல் உரைத்தார். அவையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஜூல் சோர்வுறவில்லை. நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். கப்பிகளின் வழியே எடைகள் கீழே இறங்க, சக்கரம் சுழன்று நீரைக் கலக்கியது. எடைகளை மேலேற்றி, மீண்டும் இறங்கவிட்டார். இவ்வாறு இருபது முறை செய்தும் நீரின் வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாகை ஃபாரன்ஹீட் மட்டுமே உயர்ந்தது. இத்துணைச் சிறிய வேறுபாட்டை ஒருவர் அளக்க இயலுமா எனப் பலர் ஐயுற்றனர். வெப்பநிலையைக் கூர்ந்து நோக்குவது மது ஆலையில் அன்றாடப் பணி என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

1847இல் ஆக்ஸ்போர்டு கூட்டத்தில், உரையைச் சுருக்கிக்கொள்ளுமாறு ஜூலிடம் கூறப்பட்டது. எனினும் வில்லியம் தாம்சன் என்னும் இருபத்து மூன்று வயதுப் பேராசிரியர் அதன் சிறப்பை உணர்ந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. அவ்வாண்டே ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், புதுமணத் தம்பதியராய்ப் பயணம் செய்த ஜூலைத் தாம்சன் தற்செயலாகச் சந்தித்தார். அருவியின் அடிநீர் மேல்நீரைவிடச் சற்று வெப்பமாக இருக்கும் என்பதைச் சோதிக்க ஜூல் அங்கும் வெப்பமானியுடன் வந்திருந்தார் எனத் தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1850இல் ஜூல் தம் முடிவை விரிவாக வெளியிட்டார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் வெப்பமாக்கத் தேவையான வேலை, 772 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலைக்குச் சமம். அதே ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1889இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு ஆற்றலின் அலகுக்கு ஜூல் எனப் பெயரிட்டது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தும் வெப்பமாகிய கலோரி, ஏறத்தாழ 4.2 ஜூலுக்குச் சமம். 12 கிராம் கரி முழுமையாக எரிந்தால் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 394 கிலோஜூல்.

அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் சேல் என்னும் ஊரில் ஜூல் மறைந்தார். அவர் கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. அறுபது வயதை நெருங்கிய காலத்தில், அவரே மீண்டும் அளந்து திருத்திய எண் அது.