அறுநூற்றாறாவது மருந்து

உடுவிலுக்கு அயலூராகிய மானிப்பாயில் மருத்துவர் கிறீன் நம் இளைஞர்க்கு மேலை மருத்துவம் பயிற்றிவந்த நாளில், 1854ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆந் திகதி, பிரஷ்ய நாட்டுச் சிலேசியாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார் போல் ஏர்லிக். அக்காலத்திற் கிரந்தி என்னும் மேகநோய்க்கு மேலைநாட்டு மருத்துவரும் நம்மூர்ப் பரிகாரியாரும் ஒருங்கே நம்பியிருந்த மருந்து இரசம். அது பல்லை ஆட்டி, வாயைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்தது. நோயோ பலரிடம் மறைந்திருந்து, ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைகாட்டியது.

மாணவப் பருவத்திலேயே சாயங்களிடம் மனம் பறிகொடுத்தவர் ஏர்லிக். ஒரு சாயம் ஓர் இழையத்தைப் பற்றி மற்றொன்றை விட்டுவிடுவதைக் கண்டு, உடலுக்கு ஊறின்றிக் கிருமியை மட்டும் பற்றிக் கொல்லும் நஞ்சும் இருத்தல் கூடுமன்றோ என்று எண்ணினார். இடையிற் காசநோய் பற்றிக்கொள்ள, எகிப்து சென்று உடல் தேறி மீண்டார். நோயெதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908இல் நோபெல் பரிசு பெற்ற பின்னரும் பழைய எண்ணம் அவரை விடவில்லை.

பிராங்பேட்டு நகர ஆய்வகத்தில் அவரை ஒரு விந்தை எதிர்கொண்டது. உறக்கநோய்க் கிருமியினத்தைச் சுண்டெலிகளிற் புகுத்தி மருந்து கொடுத்தபோது சில கிருமிகள் தப்பின. அவற்றின் வழித்தோன்றல்களும் அம்மருந்துக்கு அஞ்சவில்லை. அரைகுறை மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்பதை அவர் உணர்ந்தார். முதலடியிலேயே முற்றாக வீழ்த்துவதே அவருடைய குறிக்கோளாயிற்று.

பாஷாணச் சேர்க்கைகள் நூற்றுக்கணக்கில் ஆக்கப்பட்டன. அறுநூற்றாறாவது, பயனற்றதென முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. 1909இல் யப்பானிய அறிஞர் ஹட்டா அதனை மீண்டும் சோதித்தார். முயல்களின் கிரந்திப்புண் ஆறியது. 1910இற் சல்வர்சான் என்னும் பெயருடன் அது உலகெங்கும் சென்றது.

புகழோடு துயரும் வந்தது. ஒரே ஊசியில் நோய் வேரறும் என்ற கனவு பொய்த்தது. பலருக்கு நோய் திரும்பியது. சிலர் மருந்தாலேயே மாண்டனர். ஏர்லிக் தோல்விகளை மறைத்தாரல்லர். மருத்துவர்களின் அறிக்கைகளைத் திரட்டி, அளவையும் முறையையும் திருத்தினார். 1912இல் எளிதிற் கரையும் 914ஆவது மருந்தை அளித்தார். அவதூறுகள் பெருகி 1914இல் வழக்குமன்றம் வரை சென்றன; அவதூறு பரப்பியவர் தண்டிக்கப்பட்டார். ஆயினும் உள்ளமும் உடலும் நைந்த ஏர்லிக் 1915 ஓகஸ்ட் 20ஆந் திகதி மறைந்தார்.

1943இற் பெனிசிலின் கிரந்தியை வென்றது. இன்றும் அதுவே அந்நோய்க்கு முதன்மை மருந்து. அதன் உடன்பிறப்பெனத்தக்க வெட்டைநோயின் கதை வேறு. சல்பா, பெனிசிலின், தெத்திராசைக்கிளின், சிப்புறோபுளொக்சசின் என ஒவ்வொரு மருந்தையும் அக்கிருமி காலப்போக்கில் வென்றுவிட்டது. எஞ்சிய செப்திரியாக்சோனுக்கும் அடங்காத கிருமிகள் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளன.

ஆதலின் மருந்துண்டும் நோய் நீங்காதவர் நாணி ஒளிந்திருத்தலும், கடையில் வேறு மருந்து வாங்கித் தாமே உண்ணுதலும் தகா. மீண்டும் மருத்துவரை அணுகிக் கிருமியைச் சோதிப்பித்தல் வேண்டும். துணைவர்க்கும் சிகிச்சை அளிக்காவிடின் ஆறிய நோய் அவரிடமிருந்தே திரும்பவும் தொற்றும். பலிக்காத மருந்தைப் பலிக்கவில்லையென்று வெளிப்படக் கூறுவதிலிருந்தே அடுத்த மருந்து பிறக்கிறது. ஏர்லிக்கின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது அதுவே.