லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரி... அதற்குப் பின்னால் ஒரு சென்னை மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

கிட்னி பிரச்சினைக்காக ரத்தப் பரிசோதனை செய்தால், ரிப்போர்ட்டில் 'பாஸ்பரஸ்' என்று ஒரு வரி இருக்கும். பெரியவர்களுக்கு சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை நார்மல். இதை அளக்க எளிய வழி தந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாவது முயற்சியில் பாஸ்

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகப் படித்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்கல, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. இதற்கிடையே சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்து இழந்தார். காரணம், சாப்பிடும் சத்து உடம்பில் ஒட்டாத 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்.

நீல நிறம் சொன்ன ரகசியம்

1920-களின் தொடக்கத்தில் மாமனார் உதவியோடு பாஸ்டன் போனார். செலவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணியாளர் வேலை. பிறகு ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்தார். 1925-ல் வந்தது ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை.

விஷயம் சிம்பிள். முதலில் ரத்தத்திலிருந்து புரதத்தை நீக்க வேண்டும். மிச்சத்தில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, நிறம் வரவைக்கும் இன்னொரு ரசாயனத்தையும் கலந்தால் நீலம் வரும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். அளவு தெரிந்த கரைசலோடு ஒப்பிட்டால் விடை ரெடி. இன்று மெஷின்கள் அளந்தாலும், பல லேப்களில் மாலிப்டேட் வினைதான் அடிப்படை.

தசைச் சாற்றைச் சோதித்தபோது மட்டும் நீலம் உடனே முழுசா வரல. நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. சோதனையில் தப்பு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் விடாமல் துருவினார்கள். அமிலத்தில் உடைந்து பாஸ்பேட்டை மெதுவாக விடும் ஒரு பொருள் சிக்கியது: பாஸ்போகிரியேட்டின். 1929-ல் உடலின் எனர்ஜி கரன்சியான ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

ஸ்ப்ரூவுக்குப் பதில்

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவன ஆய்வகத்துக்குப் போனார். அவர் தலைமையிலான குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. கர்ப்பிணிகளுக்கு இன்று தரும் மாத்திரையும் அதுதான். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் இந்த ஆய்வகத்தில் பிறந்ததே.

1948 ஆகஸ்டில், 53 வயதில் மாரடைப்பால் இறந்தார். கடைசிவரை ஊர் திரும்பவில்லை. இங்கே விட்டுவந்த மனைவியை மறுபடி பார்க்கவும் இல்லை. நோபல் பரிசும் வரவில்லை. நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்தியா ஒரு தபால்தலை வெளியிட்டது. அடுத்த முறை ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்தால், இந்தப் பெயரும் ஞாபகம் வரட்டும்.