விண்மீன்களை எடை போட்ட தமிழர்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு நடந்த காலம் அது. வியாபாரிகள் சின்னஞ்சிறு தராசில் முத்தை வைத்து, மஞ்சாடிக் கணக்கில் எடை சொல்வார்கள். மஞ்சாடி என்பது ஒரு சிவப்பு விதை. அதே ஊரில் உப்புக்கு மூட்டைக் கணக்கு. துறைமுகத்தில் கப்பல் சரக்குக்கு டன் கணக்கு.

முத்தை நிறுக்க டன் உதவாது. கப்பல் சரக்கை நிறுக்க மஞ்சாடி உதவாது. பொருளுக்குத் தக்க எடைக்கல் வேண்டும்.

வானத்தில் உள்ள கிரகங்களையும் நட்சத்திரங்களையும் நிறுக்க எடைக்கல் எது?

பூமியே எடைக்கல்

பூமியின் எடையைக் கிலோவில் எழுதினால், 6 போட்டு அதன் பின்னால் 24 சைபர் போட வேண்டும்! இதை வைத்துக் கொண்டு யார் கணக்குப் போடுவது? ஆகவே விஞ்ஞானிகள் பூமியையே ஒரு எடைக்கல்லாக வைத்துக் கொண்டார்கள்.

வியாழன் கிரகம் 318 பூமிகளுக்குச் சமம். வேறு சூரியன்களைச் சுற்றும் பெரிய கிரகங்களை நிறுக்க, அந்த வியாழனே எடைக்கல். நமது சூரியனோ 1,047 வியாழன்களுக்குச் சமம். பூமிக் கணக்கில் சொன்னால் 3 லட்சத்து 33 ஆயிரம் பூமிகள். நட்சத்திரங்களை நிறுக்க அந்தச் சூரியன்தான் எடைக்கல்.

இதற்குத் தராசு கிடையாது. ஒன்றை இன்னொன்று எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள்.

இந்தச் சூரியக் கல்லைக் கொண்டு, உலகமே வியக்கும் உண்மையைக் கண்டவர் ஒரு தமிழர். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தாய் சொன்ன சொல்

சந்திரசேகர் 1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர், ரெயில்வே கணக்கு இலாகாவில் அதிகாரி. தாயார் சீதாலட்சுமி. விஞ்ஞான மேதை சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா.

குடும்பம் சென்னைக்கு வந்தது. சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மனதுக்குப் பிடித்ததையே படிக்கட்டும் என்றார் தாயார்.

இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அப்போது தாயார் நோயில் படுத்திருந்தார். மகன் தயங்கினார். தாயாரோ போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. தாயாரை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை. மறு ஆண்டு மே மாதம் அந்த அம்மையார் காலமானார்.

கப்பலில் பிறந்த கணக்கு

கப்பலில் போகும்போது சந்திரசேகர் ஒரு கணக்குப் போட்டார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கும். சூரியன் அளவு எடை, பூமி அளவு உருண்டைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு தீப்பெட்டி அளவு எடுத்தால் பல டன் இருக்கும்! இதற்கு வெள்ளைக் குள்ள நட்சத்திரம் என்று பெயர். எல்லா நட்சத்திரங்களும் முடிவில் இப்படித்தான் அடங்கும் என்று அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள்.

அப்படி அல்ல என்றது சந்திரசேகரின் கணக்கு. பாரம் ஓர் அளவைத் தாண்டினால், நட்சத்திரத்தால் தன் பாரத்தையே தாங்க முடியாது. மேலும் மேலும் சுருங்கிக் கொண்டே போகும். கேம்பிரிட்ஜில் இருந்தபடி கணக்கை மேலும் திருத்தினார். அந்த எல்லை சுமார் 1.4 சூரியன் என்று தெரிந்தது.

சபையில் அவமானம்

1935-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி லண்டன் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் இதை எடுத்துச் சொன்னார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். உலகப் புகழ் பெற்றவர். சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கைக் கேட்டறிந்தவரும் அவரே! ஆனால் சபையில் அதை அபத்தம் என்று தள்ளிவிட்டார். கூட்டம் சிரித்தது.

கணக்கு சரி என்று தனியாகச் சொன்ன விஞ்ஞானிகள் உண்டு. பகிரங்கமாகச் சொல்லப் பெரும்பாலோர் முன்வரவில்லை. சந்திரசேகருக்கு வயது 24.

அவர் சண்டைக்கு நிற்கவில்லை. 1936-ல் லலிதாவை மணந்தார். 1937-ல் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் கணக்கை 1939-ல் புத்தகமாக எழுதி வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். எடிங்டனுடன் நட்பையும் விடவில்லை. 1944-ல் எடிங்டன் இறந்தபோது, அவருடைய பெருமையை மனதாரப் பேசினார்.

ஜெயித்தது கணக்கு

ஆண்டுகள் உருண்டன. 1967-ல் நியூட்ரான் நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு கருந்துளைகளுக்கும் சான்று கிடைத்தது. எல்லை தாண்டிய நட்சத்திரங்களின் கதி இதுதான் என்று தெரிந்தது. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73! பரிசு பெற்ற 12 ஆண்டுகளுக்குப் பின், 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் காலமானார். 1999-ல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள்.

இன்றும் வானியல் அறிஞர்கள் செத்த நட்சத்திரத்தைச் சூரியக் கல்லால்தான் நிறுக்கிறார்கள். எடை 1.4-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கோட்டுக்குச் சந்திரசேகர் எல்லை என்றே பெயர்.