மாலை நேரத்து நாடகக்காரர்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் சங்கத்துச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, நான் ஏதாவது விஞ்ஞானியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். இன்ஜினியர் ஆச்சே! நான் எடுத்துக் கொண்டவரோ ஒரு வக்கீல். அதைவிட முக்கியமாக, நாடகக்காரர். பம்மல் சம்பந்த முதலியார் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்குப் படித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். நாடகத் தந்தை என்று விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். நானும் அப்படித்தான் போனேன்.

இப்போது அவரை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வருடச் சந்திப்பு விழாவில் படிக்கிற பிள்ளைகளும் பழைய மாணவர்களும் சேர்ந்து ஒரு நாடகம் போடப் போகிறார்கள். அதற்கு ஆள் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. செலக்‌ஷன் என்று நாம் சொல்லுவோமே, அது. கல்லூரியில் படிக்கும்போது அதே வேலையை ஒரு முறை செய்து கெடுத்து வைத்தவன் நான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பெரியவரைப் பார்ப்போம்.

சம்பந்த முதலியார் 1873ம் ஆண்டு பிப்ரவரி 1ம் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் விஜயரங்க முதலியார் கல்வி இலாகாவில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. பையனுக்குச் சின்ன வயசிலேயே ஷேக்ஸ்பியர் பழக்கம். இங்கிலீஷ் நாடகம் என்றால் ஆசை, தமிழ் நாடகம் என்றால் வெறுப்பு! இதைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும். தமிழ் நாடகத்துக்கே தந்தை என்று பிற்காலத்தில் பெயர் வாங்கியவர், பதினெட்டு வயது வரைக்கும் தமிழ் நாடகத்தைக் கண்ணெடுத்துப் பார்க்க விரும்பாதவர்.

அந்தக் காலத்து நிலைமையும் அப்படி. ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் ஆட்டம். பாட்டுக்கு மேல் பாட்டு. நடிக்கிறவனுக்குக் கூத்தாடி என்று பேர், அதுவும் மரியாதையாகச் சொல்கிற பேர் இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளை மேடை ஏறினால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

1891ல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவர் தம்முடைய சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். சம்பந்தம் போய்ப் பார்த்தார். நாடகம் பிடித்தது ஒரு பக்கம். நடித்தவர்கள் யார் என்று விசாரித்தபோது கிடைத்த விஷயம்தான் அவரை உலுக்கியது. கிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல்! கூட நடித்தவர்களும் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள். தொழிலை விடாமல், மானத்தையும் விடாமல், மேடையும் ஏறலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெலுங்கில் முடியும் என்றால் தமிழில் ஏன் முடியாது?

அதே 1891ல், ஜூலை 1ம் தேதி, சில நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம் கணக்கில் முதல் வருஷத்துப் பையன்! அதன் பிறகு மாநிலக் கல்லூரியில் பி.ஏ., அப்புறம் சட்டப் படிப்பு, 1898ல் வக்கீல் தொழில். படிப்பு ஒரு கையில், சபை ஒரு கையில். இரண்டையும் கீழே போடவில்லை.

இங்கே தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் தொழில் முறைக் கம்பெனிகளும் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் சின்ன வயசிலேயே சேர்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, பகல் முழுக்கப் பாடம் பண்ணுவார்கள். வாத்தியாருக்குப் பையன்கள் எப்போதும் கைவசம். சுகுண விலாச சபையில் அப்படி முடியுமா? ஒருவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஒருவர் ஆபீசுக்கு, ஒருவருக்குப் பரீட்சை. கிடைப்பது சாயங்காலமும் விடுமுறையும்தான். அதற்குள் ஆளைப் பார்த்து, வேடம் கொடுத்து, பாடம் பண்ண வைத்து, ஒத்திகை முடித்து, மேடை ஏற்ற வேண்டும். மில்லில் பராமரிப்பு வேலை பார்க்கிற எனக்கு இது நன்றாகப் புரிகிறது. மெஷின் நின்றிருந்தால் எவன் வேண்டுமானாலும் பழுது பார்ப்பான். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு நேரம் கண்டுபிடிப்பதுதான் வேலையே. கல்லூரி நாடகமும் அதே ஜாதிதான்.

முதலியார் இதற்குக் கண்டுபிடித்த வழி என்னவென்றால், நாடகத்தை எழுதிவிட்டு ஆள் தேடுவதைவிட, சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நாடகம் எழுதுவது. இவருக்குக் குரல் கம்பீரம், இவருக்குப் பெண் வேடம் பொருந்தும், இவர் வாய் திறந்தாலே சனம் சிரிக்கும் என்று மனசில் குறித்து வைத்துக்கொள்வார். பாத்திரம் அதற்கேற்ப வளரும். 1895ல் வந்த மனோகராவைப் பாருங்கள். மனோகரன், தாய் பத்மாவதி, ராஜாவை மயக்கி வைத்திருக்கும் வசந்தசேனை, மந்திரி சத்தியசீலர், ஒரு அசட்டு வசந்தன். ஆளுக்கொரு தினுசு. அழ வைக்கத் தெரிந்தவனுக்கும் இடம் உண்டு, சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கும் இடம் உண்டு. மனோகரனாக நின்றவர் முதலியாரே. அவர் பாட்டில் பெரிய ஆள் இல்லை. அதனால் மனோகரன் பேசுகிறான்! பாட்டுத்தான் நாடகம் என்றிருந்த ஊரில் பேச்சை வைத்துக் கைதட்டு வாங்கினார். தன்னிடம் இல்லாததை மறைத்து ஒப்பேற்றாமல், இருப்பதை வைத்துக் கட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெண் வேடங்களை ஆண்களே போட்ட சபை அது. சி. ரங்கவடிவேலு என்ற நண்பர் முதலியாரின் கதாநாயகிகளாக வருஷக்கணக்கில் நடித்தார். அவரும் வக்கீல்தான். பகலில் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு, ராத்திரி மேடையில் புடவை. இந்த ஜோடியின் பொருத்தத்தைச் சென்னை பேசியது. ரங்கவடிவேலு முந்திக்கொண்டு இறந்து போனதை முதலியாரால் கடைசி வரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. பிற்காலத்தில் எழுதிய நாடக மேடை நினைவுகள் என்ற நூலில் அந்த நண்பர் அடிக்கடி வருகிறார்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரும் இந்த சபையில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் போனால் கோயமுத்தூர்க்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுகுண விலாச சபை உறுப்பினர். தீரர் சத்தியமூர்த்தியும் அங்கே நடித்தவர். மேடைப் பேச்சில் அவர் பெயர் வாங்கியதற்கும் அந்த மேடைக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொல்ல முடியும்!

சபை நாடகங்கள் பெரும்பாலும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலில் நடந்தன. விடிய விடிய ஓடிய நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார் முதலியார். நோட்டீசில் போட்ட மணிக்குத் திரை தூக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். அடுத்த நாள் காலையில் ஆபீஸ் போகிறவர்கள் நடிக்கிறார்கள், ஆபீஸ் போகிறவர்கள் பார்க்கிறார்கள். நேரத்தை மதிக்காவிட்டால் சபை பிழைக்காது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது என் கதை. கடைசி வருஷம் நான்தான் ஃபைன் ஆர்ட்ஸ் செயலாளர். ஆண்டு விழாவுக்கு நாடகம், பாட்டு, மைம் எல்லாவற்றுக்கும் ஒரே நாள் செலக்‌ஷன். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை. பேர் கொடுத்தவர்கள் 63 பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலே ஐந்தேகால் மணி நேரம் ஆகும். கையில் இருந்ததோ மூன்று மணி நேரம். இந்தக் கூட்டல் பெருக்கலை இன்ஜினியரிங் படிக்கிற ஒருத்தன் போடவில்லை! முதலில் வந்தவர்கள் நமக்குப் பழக்கமானவர்கள், அவர்களுக்குப் பத்துப் பத்து நிமிஷம். நாலரைக்கு மேல் ஐந்து ஐந்து பேராக நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு வரி பேசச் சொன்னோம். அப்படியும் தீரவில்லை.

பல்லடத்துக்குத் தெற்கே உடுமலை ரோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வருகிற முதல் வருஷத்துத் தம்பி ஒருவன், சட்டைப் பையில் மடித்த காகிதத்தோடு இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தான். பஸ்சுக்கு நேரமாச்சுங்கண்ணா என்று மெதுவாகச் சொன்னான். நாளைக்கு வா, பாத்துக்கலாம் என்றேன். மறுநாள் அவன் வருவதற்குள் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது. ஒட்டினது நான்தான். அதற்கப்புறம் எந்த செலக்‌ஷனுக்கும் அவன் வரவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒரு நோம்பிக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டு நடந்து கொண்டிருந்தது. பின்பாட்டுக் குரல் ஒன்று ஊரையே கட்டி வைத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தத் தம்பி! முடிந்ததும் என்னை அடையாளம் கண்டு வந்தான். சாப்பிட்டீங்களாண்ணா என்று கேட்டான். அவ்வளவுதான். பழசு எதையும் அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்திருக்கலாம்.

அந்த வருஷம் எங்களிடம் ஸ்கிரிப்ட் முதலில் இருந்தது. ஹீரோ இப்படித்தான் இருக்கணும் என்று சினிமாவைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அந்த அளவுக்குப் பொருந்துகிறவனைத் தேடினோம். மிச்ச பேர் எல்லாம் எங்களுக்குக் கூட்டம். சம்பந்த முதலியார் புத்தகத்தை அப்போதே படித்திருந்தால்... சரி, படிக்கவில்லை.

முதலியாருடைய மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்க எழுத மலரில் இடம் காணாது. எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கும் மேல். ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டு வந்தபோது பேரையும் ஊரையும் தமிழாக்கிவிட்டார். ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மாக்பெத் மகபதி ஆனான், வெனிஸ் நகரம் வாணீபுரம் ஆனது. சபையோடு இலங்கைக்கும் போய் நடித்தார். யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் இவரையே குருவாக வரித்துக்கொண்டார். தம் நாடகத்தை மற்றவர்கள் போட வேண்டுமானால் அனுமதி கேட்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் வைத்திருந்தார். இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. எழுதுவதும் உழைப்புத்தானே, கூலி கேட்டால் என்ன தப்பு என்பது என் கட்சி.

தொழில் முறைக் கம்பெனிகளை ஒதுக்கி வைத்தவரும் இல்லை. பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக இருந்த டி.கே. சண்முகத்துக்கு மனோகரன் வேடத்தைச் சொல்லிக் கொடுத்தார். பிற்பாடு ஔவை சண்முகம் என்று நாடு கொண்டாடிய அதே சண்முகம்தான். தாம் போட்டுப் பெயர் வாங்கிய வேடத்தை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்துப் பார்த்து மகிழ எத்தனை பேருக்கு மனசு வரும்?

1924லிருந்து 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார். கூத்தாடி என்று இளக்காரம் பேசிய அதே ஊர், கனம் நீதிபதி அவர்களே என்று எழுந்து நின்றது. 1959ல் பத்மபூஷண். சபாபதி என்ற அவருடைய ஹாஸ்ய நாடகம் 1941ல் படமாக வந்தது. அசட்டு எஜமானுக்கும் அதைவிட அசட்டு வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்கிற வேடிக்கையை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். மனோகரா 1954ல் கலைஞர் வசனத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில் படமானது. 22 வயதில் எழுதி நடித்த நாடகம் ஐம்பத்தொன்பது வருஷம் கழித்துத் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களில் முழங்கியதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இருந்தது. கண் பார்வை தவிர்த்து எல்லாம் மங்கும் வயதில் அல்ல, எல்லாமே மங்கும் வயதில் கிடைத்த பாக்கியம் என்றாலும், பாக்கியம்தான். 1964ம் ஆண்டு செப்டம்பர் 24ம் தேதி காலமானார். வயது 91.

இந்த வருஷ நாடகத்துக்கு சபாபதியையே எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நாடகம் எது என்று முடிவு. செலக்‌ஷன் ஒரு நாள் இல்லை, மூன்று சாயங்காலம். ஆளுக்கு எட்டு நிமிஷம். பாட்டு, பேச்சு, மிமிக்ரி, உடுக்கை, எது தெரிந்தாலும் சரி. ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்கு மேல் பேர் எழுத மாட்டோம். அதற்கும் மேல் வந்தால் நாலாவது நாள் வைப்போம். உடுமலை, தாராபுரம், பொள்ளாச்சி பஸ் பிடிக்கிறவர்கள் பேருக்குப் பக்கத்தில் பஸ் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம். எல்லோரையும் கேட்டு முடிக்கும் வரை லிஸ்ட் ஒட்டப் போவதில்லை.

உடுக்கடிக்கிற தம்பிக்கும் போன் பண்ணினேன். தறி ஓடுதுங்கண்ணா, ஆளை விட்டுட்டு வரப் பாக்கறேன் என்றான்.

ஆரம்பிக்கிற நேரம் நாலரை. நான் நாலேகாலுக்கே வந்துவிடுவேன்.