இலைக்குள் மறைந்திருந்த மஞ்சளைப் பிரித்தெடுத்தவர்

ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பேர்ச் மரங்கள் மஞ்சளாகும்போது, பச்சை இலைக்கு யாரோ மஞ்சள் பூசிவிட்டதைப் போலத்தான் தெரியும். உண்மையில் அந்த மஞ்சள் இலைக்குள் ஏற்கெனவே இருந்தது. பகல் குறுகத் தொடங்கியதும் மரம் புதிதாகக் குளோரபில் ஆக்குவதைக் குறைக்கிறது. இருக்கும் குளோரபிலும் சிதைகிறது. இலையிலுள்ள நைதரசனில் பெரும் பகுதியை மரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை விலக, அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. (மேப்பிள் இலையின் சிவப்பு வேறு கதை. அந்த அந்தோசயனினை மரம் அந்தக் காலத்தில்தான் புதிதாக ஆக்குகிறது.)

பச்சையோடு மஞ்சளும் கலந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் கூறியிருந்தனர். அவற்றைச் சிதைக்காமல் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் மிகைல் ஸ்வெட். ரஷ்ய மொழியில் அவருடைய குடும்பப் பெயருக்கு நிறம் என்றே பொருள்.

1872இல் இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்தார். தந்தை ரஷ்யர், தாய் இத்தாலியர். பிறந்து சில நாட்களிலேயே தாய் இறந்துபோனார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, 1896இல் ஜெனீவாவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தந்தையின் நாட்டுக்குப் போனார். அங்கே அந்தப் பட்டம் செல்லவில்லை. கசானில் மீண்டும் ஒரு பட்டம் எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த வார்சோவில் வேலை கிடைத்தது.

அவர் செய்த பரிசோதனையின் எளிமைதான் எனக்கு இன்றும் வியப்பு. ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் சோக்குத் தூளை இறுக்கி நிரப்பினார். இலையின் நிறப்பொருட்களைக் காபனிருசல்பைட்டில் கரைத்து மேலிருந்து ஊற்றினார். பிறகு வெறும் கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருந்தார். சோக்கு ஒவ்வொரு நிறப்பொருளையும் ஒவ்வொரு அளவு இறுக்கமாகப் பற்றிக்கொண்டது. பச்சையே இரண்டு வளையங்களாகப் பிரிந்தது. மஞ்சளில் பல வளையங்கள் தோன்றின. கரோட்டின் நில்லாமல் ஓடி வெளியேறியது. 1903இல் வார்சோவில் இதுபற்றி உரையாற்றினார். 1906இல் ஜேர்மன் தாவரவியல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதியபோது இந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். 1908இல் அதே சஞ்சிகையில் இலையுதிர் காலத்தில் மஞ்சளான இலைகளின் நிறப்பொருளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கரோட்டினொயிட் என்ற பெயரும் அவர் வைத்ததே.

இரசாயனவியலாளர்கள் நம்பவில்லை. ஒரு பொருளைக் கிலோக் கணக்கில் எடுத்துப் பளிங்காக்கிக் காட்டினால்தான் அது தூய்மையானது என்பது அவர்களின் வழக்கம். சோக்குக் குழாய்க்குள் நிறப்பொருட்களே மாறிவிடுகின்றன என்றனர். இந்தத் துறையின் பெரியவரான ஜேர்மனியின் ரிச்சார்ட் வில்ஸ்டேட்டரும் அந்த முறையை ஏற்கவில்லை. என் பார்வையில், ஒரு தாவரவியலாளர் வந்து தங்களுக்கு இரசாயனம் சொல்லித்தருவதும் அவர்களுக்கு உறுத்தியிருக்கும். விவாதம் என்று வந்தால் ஸ்வெட்டும் மென்மையாக எழுதுபவர் அல்லர்.

1915இல் தாவர நிறப்பொருட்கள் பற்றிய ஆய்வுக்காக வில்ஸ்டேட்டருக்கு இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜேர்மன் படை வார்சோவைப் பிடித்தது. ஸ்வெட் பணியாற்றிய கல்லூரி மொஸ்கோவுக்கும், பின் நிஸ்னி நொவ்கொரொட்டுக்கும் இடம்பெயர்ந்தது. 1917இல், இன்று எஸ்தோனியாவிலுள்ள தார்த்து நகரில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே அங்கும் ஜேர்மன் படை வந்தது. மறுபடியும் மூட்டை கட்டி வொரோனெஷ் போனார். 1918இல் நோபல் பரிசுக்கு அவருடைய பெயரும் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1919 ஜூன் 26இல், 47ஆவது வயதில் வொரோனெஷில் இறந்தார்.

1910இல் அவர் ரஷ்ய மொழியில் எழுதிய ஆய்வுநூலை, அவருடைய முறையை ஏற்காத வில்ஸ்டேட்டரே தன் தேவைக்காக ஜேர்மனுக்கு மொழிபெயர்ப்பித்து வைத்திருந்தார். அந்தப் பிரதி அவருடைய மாணவர் ரிச்சார்ட் கூனிடம் வந்து சேர்ந்தது. கூன் அதைத் தன் ஹைடெல்பேர்க் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த எட்கார் லெடரர் என்ற இளைஞரிடம் கொடுத்தார். 1931இல் லெடரர் முட்டை மஞ்சட்கருவின் நிறப்பொருளை எடுத்து, சோக்குத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றினார். அது இரண்டாகப் பிரிந்தது.